வளரிளம் பிள்ளைகள் மருத்துவரிடம் ஏன் தாமதமாக வருகிறார்கள்?

பதின்வயதுப் பிள்ளைகளைப் பார்க்கிற மருத்துவர்களுக்கு நன்றாகப் பழகிப்போன விஷயம் ஒன்று உண்டு. தொந்தரவு ஆரம்பித்தது ஒரு நாள், எங்களிடம் வந்து சேர்வது வேறொரு நாள். நடுவில் சில மணி நேரமோ, சில மாதங்களோ, சில சமயம் ஒரு வருடமோகூடப் போயிருக்கும். ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்டால் பதில் வராது. அம்மா பிள்ளையைப் பார்ப்பார், பிள்ளை தரையைப் பார்க்கும். பாலியல் கல்வி வேண்டுமா வேண்டாமா என்று பெரியவர்கள் காரசாரமாக விவாதிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இடைவெளிதான் ஞாபகத்துக்கு வரும். சொல்லத் தெரியாத பிள்ளைக்கு நேரம் வீணாகிறது, அந்த நேரத்தோடு சில வேளைகளில் ஒரு உறுப்பே போய்விடுகிறது.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. விதை முறுக்கம் என்று ஒரு பிரச்சினை இருக்கிறது. ஆண்களின் விதைக்கு, அதாவது விரைக்கு, ரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் அடங்கிய வடம் திடீரென்று முறுக்கிக்கொள்ளும், ரத்தம் போவது நின்றுவிடும். எந்த வயதிலும் வரலாம் என்றாலும் 12 முதல் 18 வயதுக்குள்தான் அதிகம். அடிபட வேண்டும் என்றில்லை, தூக்கத்திலேயே வரும். பெரும்பாலும் நடப்பது இதுதான்: 14 வயதுப் பையன் நள்ளிரவில் வலியில் விழித்துக்கொள்கிறான், ஒரு முறை வாந்தியும் எடுக்கிறான், என்னடா என்று அம்மா கேட்டால் “வயிறு வலிக்குது” என்கிறான். அவன் சொல்வது முழுப் பொய்யும் இல்லை, அந்த வலி அடிவயிறு வரை இழுக்கும். வயிற்றுவலிக்கு வீட்டில் இருக்கிற மாத்திரையைக் கொடுக்கிறார்கள், விடியட்டும் பார்க்கலாம் என்கிறார்கள். விடிந்து, மதியமாகி, எங்களிடம் வந்து படுக்கும்போதுகூட வயிற்றைத்தான் காட்டுவான். கால்சட்டையைத் தளர்த்தச் சொன்னால் தயங்குவான். பார்த்தால் ஒரு பக்கம் வீங்கிச் சிவந்து, விதை வழக்கத்தைவிட மேலே ஏறி, கல் மாதிரி இறுகிப் போயிருக்கும், விரல் பட்டாலே துடித்துப் போவான்.

வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து முறுக்கைப் பிரித்துவிட்டால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றிவிடலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மணி நேரமும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். ஒரு நாள் கடந்துவிட்டால் அநேகமாக எடுத்துவிட வேண்டியதுதான். மற்ற விதை நன்றாக இருந்தால் பின்னாளில் குழந்தை பெறுவதில் பொதுவாகச் சிக்கல் இருக்காது, அதுவும் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க அதே அறுவை சிகிச்சையில் அதைத் தையல் போட்டு நிறுத்திவிடுவோம். ஆனாலும் ஒரு பையனின் உறுப்பு வெட்கத்துக்காகப் போயிருக்க வேண்டியதில்லை. “அந்த இடத்தில் திடீரென்று வலித்தால், அது நடு ராத்திரியாக இருந்தாலும் என்னை எழுப்பு” என்று அப்பாவோ அம்மாவோ முன்பே ஒரு தடவை சொல்லி வைத்திருந்தால் போதும், அவன் எழுப்பியிருப்பான். பாலியல் கல்வி என்று நான் சொல்வது இந்த மாதிரிப் பேச்சையும் சேர்த்துத்தான்.

பெண் பிள்ளைகளிடம் மாதவிடாய் பற்றி ஓரளவாவது பேசிவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் ரத்தம் வந்த பிறகு, நாப்கின் எப்படி வைப்பது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பருவமடைதல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 8 முதல் 13 வயதுக்குள் மார்பு மொட்டுவிடும், சில சமயம் ஒரு பக்கம் முதலில், மறுபக்கம் சில மாதம் கழித்து. அதைக் கட்டி என்று பயந்துகொண்டு வருகிறவர்கள் நிறைய. மார்பு வளரத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை ஆண்டில் முதல் மாதவிடாய் வரும். அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே வெள்ளைப்படுவது இயல்பு. நமைச்சல், நாற்றம், எரிச்சல் இல்லாத வெள்ளைப்படுதலுக்கு மருந்தே வேண்டாம். இதை யாரும் சொல்லாததால் ஒரு பெண் குழந்தை தனக்குப் பெரிய வியாதி என்று நினைத்துக்கொண்டு உள்ளாடையைத் தானே ஒளித்து ஒளித்துத் துவைத்துக்கொண்டிருக்கும். இப்படி மாதக்கணக்கில் பயந்த பிள்ளையிடம் “இது எல்லோருக்கும் வருவதுதான்மா” என்று சொன்னவுடன் அதன் தோள்கள் இறங்குவதைப் பார்க்க வேண்டும்.

முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மாதவிடாய் முன்பின்னாகத்தான் வரும், ஏனென்றால் ஒவ்வொரு மாதமும் கருமுட்டை வெளியாகும் ஒழுங்கு அப்போதுதான் படிந்துவருகிறது. 21 முதல் 45 நாள் வரை இடைவெளி இருந்தால் இந்த வயதில் கவலை இல்லை. காட்ட வேண்டியவை வேறு: 90 நாளுக்கு மேல் வராமலே இருப்பது, ஏழு நாளுக்கு மேல் போய்க்கொண்டே இருப்பது, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நாப்கின் மாற்ற வேண்டிய அளவுக்குப் போவது. கடைசியில் சொன்னது முக்கியம். ரத்தம் உறைவதில் பிறவிக் குறைபாடு இருக்கிற சில பெண்களுக்கு அது முதன்முதலில் வெளியே தெரிவதே இந்த அதிகப்படியான போக்கில்தான். தன்னுடையது அதிகம் என்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, ஒப்பிட்டுப் பார்க்க யாரிடமும் பேசியதில்லை அல்லவா. ரத்தசோகையில் படியேற மூச்சு வாங்கும் நிலையில் அழைத்து வருவார்கள்.

வலியும் அப்படித்தான். “பெண்ணாகப் பிறந்தால் வலிக்கத்தான் செய்யும்” என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். கருப்பைச் சுவரில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்தான் கருப்பையைச் சுருங்க வைத்து வலிக்க வைக்கிறது, அதைக் குறைக்கும் ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் அமிலம் போன்ற மருந்துகளை மருத்துவர் சொல்லும் அளவில், ஆரம்பத்திலேயே எடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் கேட்கும். மருந்து எடுத்தும் மாதாமாதம் பள்ளிக்குப் போக முடியாமல் சுருண்டு படுக்கிற பெண்ணுக்கு எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நோய் ஆண்டுக்கணக்கில் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கப்படுகிறது, வலியை இயல்பு என்று எல்லோரும் சொல்லிவிடுவது அதற்கு ஒரு பெரிய காரணம்.

அரிதாக இன்னொன்றும் பார்க்கிறோம். 14, 15 வயதாகியும் மாதவிடாய் வரவில்லை, ஆனால் மாதத்துக்கு ஒரு முறை அடிவயிற்றில் வலி வந்து போகிறது. யோனியின் வாயில் இருக்கும் மெல்லிய சவ்வு பிறவியிலேயே துளையில்லாமல் இருப்பதால் ரத்தம் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்குகிறது. சிறிய அறுவை சிகிச்சை, சரியாகிவிடும். ஆனால் அதற்குள் அந்தப் பெண் வயிற்றுவலிக்கென்று எத்தனையோ மருந்து சாப்பிட்டிருப்பாள். 15 வயது ஆகியும் மாதவிடாய் தொடங்காவிட்டால், அல்லது 13 ஆகியும் மார்பு வளர்ச்சியே இல்லாவிட்டால், காத்திருக்காமல் காட்டுங்கள். பையன்களில் 14 வயதாகியும் விதைகள் பெரிதாகத் தொடங்காவிட்டால் காட்ட வேண்டும்.

பையன்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களிடம் யாரும் எதுவுமே சொல்வதில்லை. தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பு, அதனால் உடம்பு தளராது, நினைவாற்றல் குறையாது. சுய இன்பத்துக்கும் இதே பதில்தான். பருவ வயதில் பாதிப் பேருக்காவது மார்பில் லேசாக வீக்கம் வரும், தொட்டால் வலிக்கும், பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் தானே வடிந்துவிடும். ஆனால் அந்த இரண்டு ஆண்டு அவன் நீச்சலுக்குப் போவதில்லை, சட்டையைக் கழற்றுவதில்லை, வெயிலிலும் மேலே ஒரு கனமான உடுப்பைப் போட்டுக்கொண்டு திரிகிறான். காய்ச்சல் என்று வந்தவன் எழுந்து கதவு வரை போய்விட்டுத் திரும்பி “டாக்டர், இன்னொண்ணு...” என்று இழுப்பான் பாருங்கள், அவன் வந்தது அந்த இன்னொன்றுக்காகத்தான். நமக்கு எவ்வளவு வேலை இருந்தாலும் அந்த நேரத்தில் அவனை உட்கார வைத்துக் கேட்க வேண்டும்.

சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். பயம் எனக்குப் புரிகிறது, பிள்ளைகள் மேல் அக்கறை இருப்பதால் வருகிற பயம்தான் அது. ஆனால் ஆராய்ச்சிகள் வேறு மாதிரி சொல்கின்றன. யுனெஸ்கோ 2018-இல் புதுப்பித்து வெளியிட்ட பாலியல் கல்விக்கான வழிகாட்டியில் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள்: இந்தக் கல்வியால் பாலுறவோ, அதில் துணிந்து இறங்கும் போக்கோ, பால்வினை நோய்த்தொற்றோ கூடவில்லை. நல்ல கல்வி முதல் உறவைத் தள்ளிப்போடவும், ஆணுறை உபயோகத்தைக் கூட்டவும் உதவுகிறது. உறவே கூடாது என்று மட்டும் போதிக்கும் பாடங்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அப்புறம், நாம் சொல்லாவிட்டால் பிள்ளைகள் எதுவும் தெரியாமல் இருந்துவிடப் போவதில்லை. கையில் இருக்கிற போன் சொல்லிவிடும், அதில் ஆபாசப் படம்தான் முதலில் வரும். அந்தப் படத்தில் யாரும் யாரிடமும் சம்மதம் கேட்பதில்லை.

கர்ப்பம் பற்றிய அறியாமைதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. மாதவிடாய் வரத் தொடங்காத பெண்ணும் கர்ப்பமாகலாம், ஏனென்றால் முதல் ரத்தப்போக்குக்கு முன்பே கருமுட்டை வெளியாகலாம். விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும், ஆகவே ‘பாதுகாப்பான நாள்’ என்ற கணக்கு சுழற்சியே சீராகாத இந்த வயதில் உதவாது. அவசரக் கருத்தடை மாத்திரையில் பரவலாகக் கிடைக்கும் வகையை உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எடுக்க வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளான பிள்ளைக்கு எச்ஐவி வராமல் தடுக்கும் மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். பிள்ளைகளிடம் அத்துமீறுகிறவர்கள் பெரும்பாலும் தெரிந்தவர்கள்தான், யாரிடமும் சொல்லாதே என்று மிரட்டியோ கொஞ்சியோ வைத்திருப்பார்கள். உடம்பைப் பற்றி வீட்டில் பேசவே கூடாது என்று ஏற்கெனவே பழகியிருக்கிற பிள்ளையை மிரட்டுவதற்கு அவர்கள் சிரமப்பட வேண்டியதே இல்லை. உலக அளவில் 15 முதல் 19 வயதுப் பெண்களின் மரணத்துக்கு முக்கியமான காரணங்களில் கர்ப்பகால, பிரசவகாலச் சிக்கல்களும் அடங்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாதவிடாய் நின்றதை ஐந்து மாதம் மறைத்துவைத்த பெண்ணுக்கு அந்த ஐந்து மாதமும் பரிசோதனை கிடையாது, ரத்த அழுத்தம் பார்க்க ஆள் கிடையாது, என்ன செய்வது என்று யோசிக்க நேரமும் கிடையாது.

முன்கூட்டியே செய்தால்தான் பலன் என்பதற்கு எச்பிவி (மனித பாப்பிலோமா வைரஸ்) தடுப்பூசியைச் சொல்லலாம். கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே இந்த வைரஸால் வருவது, வைரஸ் பரவுவது பாலுறவின் வழியாக. அதனால் தொற்றுக்கு வாய்ப்பே இல்லாத வயதில் போடுவதுதான் சரி. உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 14 வயதுப் பெண்களுக்குப் பரிந்துரைக்கிறது, அந்த வயதில் ஒரு தவணையோ இரண்டு தவணையோ போதும் என்று 2022 டிசம்பரில் அறிவித்தது. ‘இத்தனை சின்னப் பிள்ளைக்கு இது எதுக்கு’ என்று கேட்கிறார்கள். சின்னப் பிள்ளையாக இருப்பதால்தான்.

சரி, எப்படிப் பேசுவது? எதிரே உட்கார வைத்து ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம், இருவருக்கும் வேர்த்துவிடும். சேர்ந்து நடக்கும்போதோ வேலை செய்யும்போதோ, முகம் பார்க்காமல் பேசக் கிடைக்கிற நேரத்தில் இரண்டு வாக்கியம் போதும், அடுத்தது அடுத்த வாரம். பெண்ணுக்குச் சொல்வதைப் பையனுக்கும் சொல்லுங்கள், மாதவிடாய் என்றால் என்ன என்று தெரிந்த பையன் வகுப்பில் அதைக் கேலி செய்ய மாட்டான். பதில் தெரியாத கேள்வி வந்தால் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி, கட்டாயம் பார்த்துச் சொல்லுங்கள். கேட்டதற்காகத் திட்டிவிட்டால் அந்தப் பிள்ளை மறுபடி உங்களிடம் கேட்காது.

எங்களிடம் அழைத்து வரும்போது, சில நிமிடம் பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும், வெளியே இருங்கள் என்று சொல்வோம். உங்களை நம்பாமல் சொல்வது இல்லை, எல்லாப் பெற்றோரிடமும் கேட்பதுதான். பிள்ளைக்கு உடல் பரிசோதனை செய்யும்போது நீங்களோ ஒரு செவிலியரோ கூட இருக்கலாம், யார் இருக்க வேண்டும் என்பதைப் பிள்ளையிடமே கேட்போம். பிள்ளை சொல்வதை ரகசியமாக வைத்திருப்போம், ஆனால் அதன் உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது அதைத் துன்புறுத்துகிறார்கள் என்றாலோ மறைக்க மாட்டோம். இதையும் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்போம். வெளியே வந்ததும் “உள்ளே என்ன கேட்டாங்க” என்று குடையாமல் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது அதுவே சொல்லும்.