ஈபுக் விலை வழக்கு: காசு யாருக்கு வந்துச்சு, யாருக்கு ஏன் வரல

முதல்லயே சொல்லிடறேன், இப்ப போய் கிளெய்ம் பண்ண எதுவும் மிச்சம் இல்ல. ஆப்பிளும் அஞ்சு பப்ளிஷரும் கூட்டுச் சேந்து ஈபுக் விலைய ஏத்தினதா போட்ட கேஸ்ல, 2010-12ல அமெரிக்க அட்ரஸ்ல ஈபுக் வாங்கினவங்களுக்கு வந்த செட்டில்மென்ட் (சமாதான இழப்பீடு) காசெல்லாம் எப்பவோ குடுத்து முடிச்சாச்சு. உங்க பங்கு இன்னும் கெடக்கு, ஃபீஸ் கட்டுங்க எடுத்துத் தர்றோம்னு எவனாவது மெயில் போட்டா டெலிட் பண்ணிட்டு வேற வேலையப் பாருங்க. அப்புறம் எதுக்கு எழுதறேன்னா, இதே மாதிரி செட்டில்மென்ட் மெயில் வேற வேற கேஸ்ல இன்னிக்கும் வந்துட்டுதான் இருக்கு, நம்ம ஆளுங்களும் அதே இடத்துலதான் கோட்டை விடறாங்க.

கதை சுருக்கமா. அமேசான் புது புக்க 9.99 டாலருக்கு வித்துட்டு இருந்துச்சு, பெரிய பப்ளிஷருங்களுக்கு அது புடிக்கல. 2010ல ஆப்பிள் ஐபேட் கொண்டு வந்தப்ப, விலைய இனிமே பப்ளிஷரே வைக்கலாம், ஆப்பிளுக்கு 30 சதவீதம், வேற கடையில கம்மியா வித்தா ஆப்பிள்லயும் அதே விலைக்கு இறக்கணும்னு ஒப்பந்தம் போட்டாங்க. அஞ்சு பப்ளிஷர் ஒண்ணா சேந்து அமேசானையும் அந்த வழிக்கு இழுத்தாங்க, பல புது புக் 12.99, 14.99னு ஏறிடுச்சு. 2012 ஏப்ரல்ல அமெரிக்க அரசோட சட்டத்துறையான ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் கேஸ் போட்டுச்சு. பப்ளிஷருங்க ஒவ்வொருத்தரா சமாதானம் பேசிட்டு வெளிய வந்துட்டாங்க, ஆப்பிள் மட்டும் சண்ட போட்டு 2013 ஜூலைல நியூயார்க்ல ஜட்ஜ் டெனிஸ் கோட் முன்னாடி தோத்துச்சு. 2016 மார்ச்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டும் அப்பீல எடுக்க மாட்டேன்னுடுச்சு. இவ்ளோதான், இதுக்கு மேல தெரிஞ்சு நமக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல.

இப்ப முக்கியமானது. ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் ஜெயிச்சதால உங்களுக்கு ஒத்த டாலர் வரல. அவங்க கேஸ் இந்த மாதிரி இனிமே பண்ணாதேன்னு உத்தரவு வாங்கறதுக்கு மட்டும்தான். காசு வந்தது 33 மாநில அட்டர்னி ஜெனரலுங்களும் (மாநில அரசோட தலைமை வக்கீல்) கன்ஸ்யூமர் சார்பா, எல்லாருக்கும் சேத்து ஒரே கேஸா போடற கிளாஸ் ஆக்‌ஷன் வக்கீலுங்களும் தனியா போட்ட கேஸ்ல. பப்ளிஷருங்க கிட்டருந்து 166 மில்லியன் டாலர், ஆப்பிள் கிட்டருந்து வாங்கினவங்களுக்குன்னு 400 மில்லியன். கவர்மென்ட் ஜெயிச்சிருச்சாம், வீட்டுக்கு லெட்டர் வரும்னு உக்காந்திருந்தவங்க உண்டு. பெரும்பாலானவங்களுக்கு வந்தது ஒரு மெயில்தான், அதுவும் பாதிப் பேருக்கு எங்க போய் விழுந்துச்சுன்னே தெரியாது.

யாருக்கு உண்டுங்கறதுலதான் பெரிய பள்ளம். 2010 ஏப்ரல் 1லருந்து 2012 மே 21 வரைக்கும் வாங்கியிருக்கணும். ஒரு நாள் தள்ளி வாங்கியிருந்தாலும் கெடையாது. ஹாஷெட், ஹார்ப்பர்காலின்ஸ், சைமன் அண்ட் ஷூஸ்டர், பெங்குவின், மேக்மில்லன் இந்த அஞ்சு பேரோட புக்கா இருக்கணும். இதுல ரேண்டம் ஹவுஸ் கெடையாது. ஆனா 2013ல பெங்குவினும் ரேண்டம் ஹவுஸும் ஒரே கம்பெனி ஆயிடுச்சு, காசு வந்தது அதுக்கப்புறம், அதனால எங்கிட்டயும் பெங்குவின் ரேண்டம் ஹவுஸ் புக் இருக்கே எனக்கு ஏன் வரலன்னு கேட்டவங்களுக்கு பதில் சொல்லியே வாய் வலிச்சிருச்சு. வாங்கினப்ப எந்த கம்பெனிங்கறதுதான் கணக்கு, இப்ப அட்டையில என்ன பேர் போட்டிருக்குங்கறது இல்ல.

அடுத்தது பில்லிங் அட்ரஸ். அமெரிக்க அட்ரஸ் வேணும். அப்ப இந்தியாவுக்குன்னு தனி கின்டில் ஸ்டோரே (அமேசானோட ஈபுக் கடை) கெடையாது, 2012 ஆகஸ்ட்லதான் வந்துச்சு, அதுவரைக்கும் சென்னைல உக்காந்துட்டு அமெரிக்க சைட்லயேதான் டாலர்ல வாங்கினோம். ஏத்தின அதே விலையக் குடுத்தோம். ஆனா அட்ரஸ் சென்னை, அதனால லிஸ்ட்லயே இல்ல. இது நியாயமான்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல, அந்த கோர்ட்டோட எல்லை அவ்ளோதான்.

எவ்ளோ வந்துச்சு? 2014 மார்ச்ல பப்ளிஷர் காசு, நியூயார்க் டைம்ஸ் பேப்பரோட பெஸ்ட்செல்லர் லிஸ்ட்ல இருந்த புக்குக்கு 3.17 டாலர், மத்ததுக்கு 73 சென்ட். 2016 ஜூன்ல ஆப்பிள் காசு, பெஸ்ட்செல்லருக்கு 6.93 டாலர், மத்ததுக்கு 1.57. நிறைய படிக்கறவங்களுக்கு நூறு டாலருக்கு மேலயும் சேந்துச்சு, சின்னக் காசுன்னு விட்டவங்க கணக்குப் போட்டுப் பாக்கவே இல்ல.

அது பெரும்பாலும் பேங்க்ல விழற காசும் இல்ல, வாங்கின கடையிலயே செலவழிக்க வேண்டிய கடை கிரெடிட். 2016ல வந்தத அமேசான்ல 2017 ஜூன் 24க்குள்ள செலவழிக்கணும், இல்லன்னா போச்சு. பணத்த நம்மகிட்டருந்து எடுத்தப்ப எந்த கெடுவும் இல்ல, திருப்பிக் குடுக்க ஆறு வருஷம், நாம செலவழிக்க மட்டும் ஒரே வருஷம்! தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க, அக்கவுன்ட்ல குடுத்திருந்த மெயில் பழைய ஆபீஸ் மெயில், வேலை மாறினதும் அது மூடிடுச்சு. கிரெடிட் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. விசா முடிஞ்சு ஊருக்குத் திரும்பினவங்க பாதிப் பேர் பழைய அக்கவுன்ட்ட தொறந்தே பாக்கல. சில கடையில மெயில்ல வந்த லிங்க அமுக்கி ஆக்டிவேட் பண்ணாதான் கிரெடிட்டே ஏறும், நம்ம ஆளுங்க சிலர் ஃபிராடு மெயில்னு பயந்து தூக்கிப் போட்டுட்டாங்க. பப்ளிஷர் காசு ரவுண்டுல கூகுள்ல வாங்கினவங்க ஃபார்ம் போட்டாதான் கெடைக்கும், கின்டில்காரங்களுக்கு தானா வந்துச்சே நமக்கும் வரும்னு சும்மா இருந்தா அம்போ.

சரி, அடுத்த தடவை வேற எந்த கேஸ்லயாவது மெயில் வந்தா? உள்ள இருக்கற லிங்க அமுக்காம, செட்டில்மென்ட் பேர நீங்களே தேடி கோர்ட் ஆவணத்துல இருக்கற சைட்டுக்குப் போங்க. வாங்கிக்க காசு கட்டச் சொன்னா அது திருட்டு. விலகிக்கறேன்னு ஒரு ஃபார்ம் இருக்கும், அத விண்ணப்பம்னு நெனச்சு நிரப்பி அனுப்பிடாதீங்க, அனுப்பினா நீங்க வெளிய, தனியா கேஸ் போடற உரிமை மட்டும்தான் மிச்சம். அட்ரஸ் மாத்தினா, செட்டில்மென்ட் காசப் பிரிச்சுக் குடுக்கற அட்மினிஸ்ட்ரேட்டருக்குச் சொல்லுங்க, போஸ்ட் ஆபீஸ்ல சொன்னது அவங்களுக்குத் தானா போகாது. பழைய ஆர்டர் லிஸ்ட்ட ஒரு பிடிஎஃப் எடுத்து வெச்சுக்கங்க, அக்கவுன்ட் மூடினப்புறம் கஸ்டமர் கேர் கிட்ட கேட்டா அங்க இங்கன்னு மாத்தி விட்டுட்டே இருப்பாங்க.

இன்னொண்ணு நெறைய பேர் கேக்கறது. இப்பவும் ஈபுக் 14.99 இருக்கே, இதுவும் கூட்டுச் சதிதானே, புகார் குடுக்கலாமான்னு. குடுக்கலாம், மாநில அட்டர்னி ஜெனரல் சைட்ல ஃபீஸ் இல்லாமலே குடுக்கலாம். ஆனா விலை ஜாஸ்தின்னு மட்டும் எழுதினா அது எங்கயும் போகாது. பப்ளிஷரே விலை வைக்கறது அப்பவும் தனியாப் பாத்தா குத்தமில்ல, போட்டிக் கம்பெனிங்க சேந்து பேசி வெச்சதுதான் குத்தம். 2014லருந்து பெரிய பப்ளிஷருங்க ஒவ்வொருத்தரா தனித்தனியா அமேசானோட பேசி, விலைய தாங்களே வைக்கற ஏற்பாட்டுக்கு சட்டப்படியே திரும்பி வந்துட்டாங்க. அதனால புகார் எழுதினா எந்தெந்த கடையில, எந்த தேதியில, எந்தெந்த கம்பெனி புக் ஒரே நேரத்துல ஏறிச்சுன்னு ஸ்கிரீன்ஷாட்டோட எழுதுங்க.