ஒரு ராஜாவும் முப்பது லட்சம் பேரன்களும்

"அயர்லாந்தில் ஒரே ராஜாவுக்கு முப்பது லட்சம் வாரிசுகளாமே, நம்பலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பாதி நம்பலாம்.

அந்த ராஜா நியால். ஒன்பது பிணைக்கைதிகளை வைத்திருந்தவன் என்பது அவன் பட்டப்பெயர். கிணற்றடியில் முத்தம் கேட்ட அவலட்சணமான கிழவிக்கு அவன் தயங்காமல் முத்தம் கொடுத்தானாம், அவள் அழகியாக மாறி அரசுரிமையை வழங்கினாளாம். சுமார் 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்திருக்கலாம். அவன் வழியில் வந்ததாகச் சொல்லிக்கொண்ட ஈ நேல் குலத்தார்தான் அயர்லாந்தின் வட பகுதியைப் பல நூற்றாண்டுகள் ஆண்டார்கள்.

2006இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் ஐரிஷ் ஆண்களின் ஒய் குரோமோசோமைப் பார்த்தார்கள். அது அப்பாவிடமிருந்து மகனுக்குப் போவது, பள்ளியில் படித்ததுதான். எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது.

ஒய் குரோமோசோமில் சில இடங்களில் டிஎன்ஏ எழுத்துகளால் ஆன ஒரே நான்கெழுத்துச் சொல் திரும்பத் திரும்ப வரும்: ஜிஏடிஏ, ஜிஏடிஏ, ஜிஏடிஏ. இம்போசிஷன் எழுதும் பையனுக்கு எத்தனையாவது வரி என்று குழம்புமே, டிஎன்ஏவை நகலெடுக்கும்போதும் அதே குழப்பம்தான். பழைய இழையும் அதைப் பார்த்து உருவாகும் புது இழையும் ஒரு கணம் விலகி, மறுபடி ஒட்டும்போது ஒரு சொல் தள்ளி ஒட்டிக்கொள்ளும். எல்லாம் ஒரே சொல் என்பதால் அங்கேயும் கச்சிதமாகப் பொருந்திவிடும்! மிச்சமான சொல் வளையமாகப் பிதுங்கி நிற்கும். வளையம் புது இழையில் இருந்தால் மகனுக்கு ஒரு சொல் கூடும். பழைய இழையில் இருந்தால் ஒன்று குறையும். ஓரிடத்தில் இப்படி வழுக்குவது சில நூறு தலைமுறைக்கு ஒருமுறைதான். ஆகவே நெருங்கிய பங்காளிகளிடம் அந்தச் சொற்களின் எண்ணிக்கை பெரும்பாலும் ஒத்துப்போகும். தூரத்துப் பங்காளிகளுக்கு அங்கங்கே ஒன்றிரண்டு மாறியிருக்கும்.

ஆய்வாளர்கள் இப்படி 17 இடங்களில் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார்கள். வடமேற்கு அயர்லாந்தில் ஐந்தில் ஒருவரிடம் ஒரே எண்வரிசை, அல்லது அதில் ஓரிடத்தில் மட்டும் ஒன்று கூடிய, குறைந்த வரிசை. படமாக வரைந்தால் அந்த எண்வரிசைக்கு நடுவில் ஒரு பெரிய வட்டம், சற்றே மாறியவற்றுக்குச் சுற்றிலும் குட்டி வட்டங்கள். ஒரே ஆணின் வம்சம் மளமளவென்று பெருகினால்தான் இப்படி வரும். ஈ நேல் வழிக் குடும்பப்பெயர்கள் கொண்டவர்களிடம் அது இன்னும் தூக்கலாக இருந்தது. அந்தக் குலத்தில் வந்த, 1423இல் இறந்த டர்லோ ஓ'டானல் என்ற தலைவனுக்கு மகன்வழிப் பேரன்கள் மட்டுமே 59 பேர் என்று பதிவு இருக்கிறது. அப்புறம் பெருகாமல் என்ன செய்யும்? உலகம் முழுக்க 20 முதல் 30 லட்சம் ஆண்கள் என்ற கணக்கு இப்படித்தான் வந்தது.

சரி, நம்பக்கூடாத பாதி? எண்வரிசை ஒரு மூதாதையைக் காட்டும், அவன் பெயரைச் சொல்லாது. 2006இல் அவன் காலம் சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் என்று கணித்தார்கள். ஆனால் முன்னும் பின்னும் அறுநூறு எழுநூறு ஆண்டுகள் பிசகலாம் என்ற கணிப்பு அது. பிறகு குரோமோசோமை இன்னும் விரிவாகப் படித்தபோது அந்த வம்சம் நியாலைவிடப் பழையதாகத் தெரிகிறது. ஒத்துப் பார்க்க நியாலின் எலும்பும் நம்மிடம் இல்லை. அந்த மூதாதை நியாலின் தாத்தனின் தாத்தனாக இருக்கலாம், சம்பந்தமே இல்லாதவனாகவும் இருக்கலாம். மரபணுச் சோதனை நிறுவனத்துக்கு எச்சிலை அனுப்பினால் "நீங்கள் நியாலின் வாரிசு" என்று சான்றிதழ் தருகிறார்கள் அல்லவா, அதற்கும் கைரேகை ஜோசியத்துக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அந்தக் காசைப் பழைய எலும்புகளைத் தோண்டிப் படிப்பவர்களுக்குக் கொடுத்தால் உருப்படியாக ஏதாவது தெரியவரும்.