கரிப்புகை மேலே போனால்

அணுகுண்டுப் போர் வந்தால் மனித இனமே கூண்டோடு காலி என்று பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறோம். எப்படி என்று கேட்டால் வெடிப்பு, கதிர்வீச்சு என்பதோடு பதில் நின்றுவிடும். இரண்டும் கொடூரம்தான். ஆனால் குண்டே விழாத நாட்டில் இருப்பவர்களையும் பட்டினி போடக்கூடியது எரியும் நகரங்களின் புகை.

1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமா தீப்பற்றி எரிந்தபோது எழுந்த கரி, அன்றே கறுப்பு மழையாக இறங்கியது. நனைந்தவர்களுக்கு அது விஷம். காற்றுக்கோ ஒரு கழுவல். நாம் மூச்சுவிடும் கீழடுக்கில் எந்தப் புகையும் சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் மழையோடு தரைக்கு வந்துவிடும். அதற்கு மேலே இருக்கும் ஸ்ட்ராட்டோஸ்பியரில் மழையே கிடையாது. அங்கே ஏறிய கரி வருடக்கணக்கில் தங்கும்.

சரி, கரி அவ்வளவு உயரம் எப்படிப் போகும்? வெயிலில் கறுப்புச் சட்டை சுடுகிறதல்லவா, அதே கதைதான். கரித்துகள் வெயிலை உறிஞ்சிச் சூடாகிறது. சுற்றியுள்ள காற்று சூடேறி, லேசாகி, கரியையும் தூக்கிக்கொண்டு ஏறுகிறது. 2017ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா காடுகள் எரிந்தபோது விஞ்ஞானிகள் இதை நேரிலேயே பார்த்துவிட்டார்கள். சுமார் 12 கி.மீ. உயரத்தில் இருந்த புகை இரண்டே மாதத்தில் 23 கி.மீ. உயரத்துக்குப் போயிருந்தது.

அப்புறம் நடப்பது எளிய கணக்கு. மேலே உள்ள கரி வெயிலை மறிக்கும், தரை குளிரும், கடல்நீர் ஆவியாவது குறையும், மழை குறையும், பயிர் படுத்துவிடும். 1983 டிசம்பரில் அமெரிக்க வானியல் விஞ்ஞானி கார்ல் சேகனும் அவருடைய சகாக்களும் இதை ஆய்வாக வெளியிட்டபோது 'அணுக் குளிர்காலம்' என்ற பெயர் பரவியது.

சேகன் ஒருமுறை சறுக்கியதும் உண்டு. 1991ல் குவைத்தின் எண்ணெய்க் கிணறுகள் எரிந்தபோது ஆசியாவின் விவசாயமே பாதிக்கப்படலாம் என்று எச்சரித்தார். புகை கீழடுக்கைத் தாண்டவில்லை. பாதிப்பு வளைகுடா வட்டாரத்தோடு முடிந்தது. நகரத் தீ எவ்வளவு கரியை எவ்வளவு உயரம் ஏற்றும் என்பதில் இன்றும் விஞ்ஞானிகளுக்குள் சண்டைதான்.

கரி ஏறிவிட்டது என்று வைத்துக்கொண்டு 2022ல் ஓர் ஆய்வுக்குழு உணவுக் கணக்கைப் போட்டது. அமெரிக்காவும் ரஷ்யாவும் மோதி 15 கோடி டன் கரி மேலே போனால், 500 கோடிப் பேருக்கு மேல் பட்டினியால் சாகலாம். இந்தியாவும் பாகிஸ்தானும் மோதினாலே அது 200 கோடியைத் தாண்டலாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் ஓரளவு விளையும் என்பதால் மனித இனம் அடியோடு அழியாது என்றுதான் தோன்றுகிறது. அந்த 'அடியோடு' என்ற சொல்லில் எனக்கு ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை.

இப்படி ஒரு போர் தொடங்க யாரும் வெறிபிடித்து அலைய வேண்டியதில்லை. சேகன் குழுவின் ஆய்வு வெளிவருவதற்கு மூன்று மாதம் முன்பு, 1983 செப்டம்பர் 26 அன்று, அமெரிக்க ஏவுகணைகள் வருவதாக சோவியத் எச்சரிக்கைக் கருவி அலறியது. முதலில் ஒன்று, பிறகு நான்கு. உண்மையான தாக்குதல் என்றால் ஐந்தோடா நிறுத்துவார்கள் என்று யோசித்த பணி அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ், அது பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னார். உயரமான மேகங்களில் பட்டுத் தெறித்த வெயிலைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று நினைத்திருந்தது.