செம்மச்சம்: முதல் மூன்று மாதம் முக்கியம்

குழந்தை பிறந்தபோது உடம்பில் ஒன்றும் இருந்திருக்காது. இரண்டு மூன்று வாரத்தில் கொசு கடித்த தடம் போல ஒரு சிவப்பு. அப்புறம் பார்க்கப் பார்க்க மேடேறிச் செக்கச்செவேலென்று ஆகிவிடும். இந்தச் செம்மச்சத்தைத்தான் ஹெமாஞ்சியோமா என்கிறோம். சிறு ரத்தக்குழாய்களின் செல்கள் அளவுமீறிப் பெருகி வரும் கட்டி இது, புற்றுநோய் அல்ல. பெண் குழந்தைகளிடமும், குறைமாதத்தில் எடை குறைவாகப் பிறந்தவர்களிடமும் அதிகம் பார்க்கிறோம். கிரகணத்தில் அம்மா வெளியே வந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பேச்சைக் கேட்டு நொந்துபோய் வரும் இளம் தாய்மார்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

"ஏனுங்க டாக்டர், இது தானா மறஞ்சு போயிருமாமுங்களே?" என்று அம்மாயிகள் கேட்பார்கள். பெரும்பாலும் மறையும். 1 வயதை ஒட்டி நிறம் மங்கத் தொடங்கி, 4, 5 வயதுக்குள் பெருமளவு சுருங்கிவிடும். ஆனால் இது வேகமாக வளர்வது முதல் 3 மாதத்தில். அதிலும் 5 முதல் 8 வாரத்துக்குள் கிடுகிடுவென்று. நம் பக்கம் அந்த நாட்களில் தாயும் பிள்ளையும் அம்மா வீட்டில்தான் இருப்பார்கள். "அங்க போனதும் மாப்பிள்ளையக் கேட்டுக் காட்டிக்கலாம்" என்று தள்ளிப்போடுவார்கள். புகுந்த வீடு போய்ச் சேர்வதற்குள் பெரும்பாலான வளர்ச்சி முடிந்திருக்கும். பெரிதாகிவிட்ட கட்டி பிறகு சுருங்கினாலும் தழும்பையோ தொளதொளத்த தோலையோ விட்டுப்போகலாம்.

கையிலோ வயிற்றிலோ சின்னதாக ஒன்று இருந்தால் ஒருமுறை காட்டிவிட்டு, வாரம் ஒரு போட்டோ எடுத்துக் கவனித்தால் போதும். கண்ணிமையில் வந்தால் கதை வேறு. அது பார்வையை மறைத்தால் அந்தக் கண்ணின் பார்வையே வளராமல் போகும். உதடு, மூக்கு நுனி, டயப்பர் கட்டும் இடம், முதுகின் அடிப்பகுதியில் நடுக்கோடு ஆகிய இடங்களில் இருந்தாலும் காத்திருக்காதீர்கள். தாடையைச் சுற்றிப் பரவி, மூச்சுவிடும்போது சத்தமும் வந்தால் அன்றே கிளம்புங்கள். உடம்பில் 5 கட்டிகளோ அதற்குமேலோ இருந்தால் ஈரலை ஸ்கேன் செய்து பார்ப்போம்.

ப்ராப்ரனலால் என்ற இதய மருந்து இந்தக் கட்டியைச் சுருக்குவதை பிரான்ஸின் போர்தோ நகர மருத்துவர்கள் தற்செயலாகக் கண்டு 2008இல் வெளியிட்டார்கள். இன்று முதல் மருந்து அதுதான். பால் குடித்தபின்தான் கொடுக்க வேண்டும். வாந்தி, மூச்சிளைப்பு, பால் குடிக்காத நாள் என்றால் அந்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்; வெறும் வயிற்றில் கொடுத்தால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடலாம். பக்கத்து வீட்டுச் சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்குகிற மருந்து அல்ல. சுண்ணாம்பு தடவுவதும் வேண்டாம், புண்ணாகும்.

பிறக்கும்போதே தட்டையாக, ஒயின் நிறத்தில் இருக்கும் மச்சம் வேறு ரகம். அது தானாக மறையாது. லேசர் சிகிச்சை பற்றிச் சீக்கிரமே கேளுங்கள்.