ஆட்கொணர்வு: மனுவா, ஆணையா?

'ஹேபியஸ் கார்பஸ்' லத்தீன் தொடர். 'ஹேபியஸ்' என்றால் 'நீ வைத்திருக்க வேண்டும்'. 'கார்பஸ்' என்றால் உடல். ஒரு நீண்ட ஆணையின் தலைப்பகுதி மட்டும் பெயராக நிலைத்துவிட்டது. ஒருவரை அடைத்து வைத்திருப்பவருக்கு நீதிமன்றம் இடும் கட்டளை இது: ஆளை என் முன் நிறுத்து, எந்தச் சட்டப்படி அடைத்தாய் என்று சொல்.

தமிழில் 'ஆட்கொணர்வு' என்கிறோம். ஆள் + கொணர்வு. ககரத்தின் முன் ளகரம் டகரமாகத் திரிந்திருக்கிறது. கொணர்தல் என்றால் கொண்டுவருதல். 'உடல்' என்று நேராகப் பெயர்க்காமல் 'ஆள்' என்று வைத்தவருக்குத் தமிழ்ச் செவி இருந்திருக்கிறது. செய்தித்தாளில் 'உடல் மீட்பு' என்று படித்தால் உயிர் போய்விட்டது என்றே புரிந்துகொள்கிறோம். இந்த ஆணை தேடுவதோ உயிரோடு இருக்கும் மனிதரை.

'ஆட்கொணர்வு மனு' என்ற வழக்கில்தான் ஒரு சிக்கல். மனு என்பது கைதியின் சார்பில் கொடுக்கப்படுவது. அதன்மேல் நீதிமன்றம் பிறப்பிப்பதே ஹேபியஸ் கார்பஸ். பாடநூல்கள் 'ஆட்கொணர்வு நீதிப்பேராணை' என்கின்றன. சரியான சொல், ஆனால் வாய்க்குப் பெரிது. 'ஆட்கொணர்வு ஆணை' என்றாலே போதும் என்பது என் கட்சி.

இடைக்கால இங்கிலாந்தில் இந்த ஆணைக்கும் விடுதலைக்கும் தொடர்பில்லை. வழக்குக்கு வேண்டியவரை வரவழைக்கவே பயன்பட்டது. சிறைவைத்தவரையே கேள்வி கேட்கும் கருவியாக அது மெல்ல மாறியது. 1627இல் மன்னருக்குக் கட்டாயக் கடன் தர மறுத்துச் சிறைப்பட்ட ஐவர் இதைக் கேட்டார்கள். 'மன்னரின் தனி உத்தரவு' என்று பதில் வந்தது; நீதிமன்றமும் அவர்களைத் திரும்பச் சிறைக்கே அனுப்பியது. 1679ஆம் ஆண்டுச் சட்டம் ஓட்டைகள் பலவற்றை அடைத்தது. சிறை இருபது மைல் தொலைவுக்குள் இருந்தால் மூன்று நாளில் ஆளைக் கொண்டுவர வேண்டும். தவறும் அதிகாரி கைதிக்கு 100 பவுண்டு தர வேண்டும், மறுமுறை தவறினால் 200 பவுண்டும் பதவியும் போகும்.

அரசு மட்டுமே இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பதில்லை. 1771இல் தேம்ஸ் ஆற்றில் ஜமைக்காவுக்குப் புறப்பட நின்ற கப்பலில் ஜேம்ஸ் சாமர்செட் சங்கிலியில் கிடந்தார். தப்பியோடிப் பிடிபட்ட அடிமை அவர். அவருடைய ஞானப்பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். கப்பல் தலைவர் அவரைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியதாயிற்று. 1772 ஜூனில் நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் அவரை விடுவித்தார்.

இன்று இது உலகச் சட்டம். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு, அடைக்கப்பட்ட எவரும் தம் காவல் சட்டப்படியானதா என்று நீதிமன்றத்தில் கேட்கலாம் என்கிறது. நெருக்கடி நிலையிலுமா? 1976இல் இந்திய உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் கையை விரித்தது, நீதிபதி எச்.ஆர். கன்னா மட்டும் மாறுபட்டார். 1987இல் அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம், நெருக்கடியிலும் ஹேபியஸ் கார்பஸை நிறுத்திவைக்கக் கூடாது என்று கருத்துரைத்தது. இந்தியாவின் 1976 தீர்ப்பு, உச்ச நீதிமன்றத்தாலேயே 2017இல் வெளிப்படையாகத் தள்ளப்பட்டது.

பெயரிலேயே இதன் பலவீனமும் இருக்கிறது. ஆளைக் கொண்டுவா என்றால், 'அப்படி ஒருவர் எங்களிடம் இல்லையே' என்று காவல்துறையோ ராணுவமோ சொல்லிவிடலாம். வலிந்து காணாமலாக்கப்பட்டோர் வழக்குகள் பல இந்த ஒற்றை வரியில் முட்டி நின்றன. அதனால்தான் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் 2007இல் 'அம்பாரோ' என்ற புதிய ஆணையை வகுத்தது. 'பாதுகாப்பு' என்று பொருள்படும் ஸ்பானியச் சொல் அது. மெக்சிகோவின் சட்டத்தில் வேரூன்றியது. அதன்கீழ் வெறும் மறுப்பு செல்லாது. காணாமற்போனவரைக் கண்டுபிடிக்க என்னென்ன செய்தோம் என்று அதிகாரிகள் விவரமாகச் சொல்லியாக வேண்டும்.