ஒரே நிலா, சென்னையில் ஒரு மீட்டர், கம்பாத்தில் பத்து மீட்டர்

குஜராத்தின் அலங் கடற்கரையில் பழைய கப்பல்களை உடைக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் நன்றாக ஏறி நிற்கும் நேரம் பார்த்து, கப்பலை அப்படியே கரையை நோக்கி வேகமாக ஓட்டி வந்து ஏற்றிவிடுவார்கள். சில மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும். ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள கப்பல் சேற்றில் உட்கார்ந்திருக்கும். அந்தக் கம்பாத் வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் பத்து மீட்டர் வரை வித்தியாசம் வரும். மூன்று மாடி உயரம்!

அதே நாளில், அதே நிலாவின் கீழ், சென்னைக் கடல் ஒரு மீட்டர் ஏறினாலே பெரிது. மெரினாவில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் அலைகளுக்கு நடுவே அது கண்ணில் படாது. கழிமுகத்துப் பாலத் தூணைப் பாருங்கள், தெரியும். வற்றத்தின்போது சிப்பி ஒட்டிய ஈரப் பட்டை ஒன்று வெளியே வரும். அதற்கு மேல் காய்ந்த சிமெண்ட். கடல் தினமும் எதுவரை ஏறி இறங்குகிறது என்பதற்கு அந்தப் பட்டைதான் அடையாளம்.

'நிலா கடலை மேலே இழுக்கிறது' என்று படித்திருக்கிறோம். ஆனால் நிலா நேராக மேலே தூக்கும் விசை மிகமிகச் சிறியது. நிலா உச்சிக்கு வரும்போது 70 கிலோ ஆளுக்கு அதனால் குறையும் எடை சுமார் 8 மில்லிகிராம். அரிசி மணியில் பாதிகூட இல்லை.

அப்புறம் கடல் எப்படி ஏறுகிறது? கரையில் கிடக்கும் படகைத் தூக்கப் பத்துப் பேர் வேண்டும். அதே படகு தண்ணீரில் மிதக்கும்போது ஒருவர் கை வைத்துத் தள்ளினாலே நகர்ந்துவிடும். கடல்நீருக்கும் அப்படித்தான். மேலே தூக்க வேண்டுமானால் பூமியின் ஈர்ப்போடு மல்லுக்கட்ட வேண்டும். பக்கவாட்டில் நகர்த்த அந்தத் தடை இல்லை. நிலா உச்சியில் இருக்கும் இடத்தை நோக்கி, சுற்றிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு நீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து வருகிறது. அப்படிக் குவிந்ததுதான் ஏற்றம்.

சரி, அதே நேரத்தில் நிலாவுக்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் கடல் ஏறுகிறதே, அது ஏன்? மூன்று பேர் வரிசையாக ஒரே திசையில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். முன்னால் ஓடுபவர் வேகமானவர், நடுவில் ஓடுபவர் சுமார், கடைசி ஆள் மெதுவானவர். நடுவில் இருப்பவர் பார்வையில் ஒருவர் முன்னால் விலகுகிறார், இன்னொருவர் பின்னால் விலகுகிறார். நிலாவுக்கு அருகில் உள்ள நீரை நிலா அதிகம் இழுக்கிறது, பூமியின் நடுவை அதைவிடக் குறைவாக, எதிர்ப்பக்க நீரை இன்னும் குறைவாக. இந்த வித்தியாசம் இரண்டு பக்கமும் நீரைப் புடைக்க வைக்கிறது. அதனால்தான் பெரும்பாலான கரைகளில் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை கடல் ஏறுகிறது. அந்த 25 நிமிடம், பூமி சுற்றும் நேரத்தில் நிலாவும் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால் வருவது.

சூரியனுக்கும் பங்கு உண்டு. அதன் நிறை நிலாவைப் போல 2.7 கோடி மடங்கு, தொலைவு 390 மடங்கு. ஈர்ப்பின் வித்தியாசம் தொலைவின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். 390 × 390 × 390 என்று பெருக்கினால் சுமார் 5.9 கோடி. 2.7-ஐ 5.9-ஆல் வகுத்தால் 0.46, அதாவது நிலாவின் பங்கில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே கோட்டில் சேர்ந்து இழுக்க, ஏற்றம் பெருகுகிறது. பழந்தமிழில் பௌர்ணமி வெள்ளுவா, அமாவாசை காருவா, இரண்டுமே 'உவா'. கடலுக்கும் இரண்டும் ஒன்றுதான் என்பதை நினைக்கும்போது அந்தச் சொல் எனக்கு இன்னும் பிடித்துப்போகிறது.

இதுவரை சொன்னது பூமி முழுக்கக் கடலாக இருந்தால் சரி. ஆனால் குறுக்கே கண்டங்கள் இருக்கின்றன. அதோடு, நிலாவைப் பின்தொடர வேண்டுமானால் நீர்ப்புடைப்பு நிலநடுக்கோட்டில் மணிக்குச் சுமார் 1,600 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். நான்கு கிலோமீட்டர் ஆழக் கடலில் இப்படிப்பட்ட நீண்ட அலையால் மணிக்கு 700 கிலோமீட்டர்தான் போக முடியும். 1775-ல் பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் தொடங்கிவைத்த கணக்கு இதைத்தான் காட்டியது: நிலா தாளம் போடுகிறது, ஒவ்வொரு கடலும் தன் வடிவத்துக்கு ஏற்றபடி ஆடுகிறது.

அகலமான அண்டாவில் தண்ணீரை இரண்டு பேர் தூக்கிப் போகும்போது பார்த்திருப்பீர்கள். நடையின் தாளமும் தண்ணீர் ஆடும் தாளமும் ஒன்றிவிட்டால் தளும்பிக் கொட்டும். கம்பாத் வளைகுடாவும் அதன் முன்னால் பரந்து கிடக்கும் ஆழமில்லாத கடலும் நிலாவின் தாளத்துக்கு ஏறக்குறைய ஒத்து ஆடுகின்றன. போதாததற்கு வளைகுடா உள்ளே போகப் போகப் புனல்போலக் குறுகுகிறது. வந்த நீருக்கு ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. சோழமண்டலக் கரையிலோ புனலும் இல்லை, பரந்த ஆழமற்ற கடலும் இல்லை. கரையை விட்டுச் சிறிது தூரத்திலேயே ஆழம். அதே வங்கக் கடலின் வடகோடியில், குறுகிப்போகும் ஹூக்ளி முகத்துவாரத்தில், ஏற்றம் ஐந்து மீட்டர்வரை போகிறது.

அதனால் துறைமுகத்துக்குத் துறைமுகம் அளந்துதான் ஏற்ற நேரத்தைக் கணிக்கிறார்கள். மத்திய அரசின் சர்வே ஆஃப் இந்தியா ஆண்டுதோறும் வெளியிடும் அட்டவணையில் சென்னைக்கு ஒரு கணக்கு, அலங்குக்குப் பக்கத்துத் துறைமுகமான பாவ்நகருக்கு ஒரு கணக்கு. அலங்கில் கப்பலைக் கரையேற்றுபவருக்கு வேண்டியது பாவ்நகர் பக்கம். சென்னைப் பக்கத்தைப் பார்த்துக் கிளம்பினால் கப்பல் கரை சேராது.