முருங்கைத் தழையில் வேலை செய்வது எது?

மூலனூர், அரவக்குறிச்சி என்றால் முருங்கைக்காய்தான் முதலில் நினைவுக்கு வரும். இப்போது தழையையும் காயவைத்துப் பொடியாக்கி விற்கிறார்கள். பாக்கெட்டில் 'ஆன்டி-ஆக்சிடன்ட் நிறைந்தது' என்று போட்டிருக்கும். ஜோடி சேராத எலக்ட்ரானோடு திரிந்து செல்களைக் கெடுக்கும் மூலக்கூறுகளை அடக்கும் பொருள்தான் ஆன்டி-ஆக்சிடன்ட். அந்தத் திறனை எப்படி அளக்கிறார்கள்?

ஆய்வகங்களில் அதிகம் புழங்குவது டிபிபிஎச் என்ற ரசாயனம். அதன் மூலக்கூறில் ஜோடி சேராத எலக்ட்ரான் ஒன்று உண்டு. மெத்தனாலில் கரைத்தால் அடர் ஊதா. அதில் தழைச் சாற்றை விட்டால், சாற்றிலுள்ள பொருள்கள் ஹைட்ரஜனையோ எலக்ட்ரானையோ கொடுக்க, ஊதா வெளுத்து மஞ்சளாகும். அரை மணி நேரம் இருட்டில் வைத்துவிட்டு, 517 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள்.

சரி, ஆனால் கிடைப்பது மொத்தச் சாற்றுக்கும் ஒரே எண். பத்துப் பேர் களை எடுத்த காட்டைச் சாயங்காலம் போய்ப் பார்த்தால், யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று தெரியுமா? தழைக்குள் குளோரோஜெனிக் அமிலம், குவெர்செட்டின், கேம்ப்ஃபெரால், வைட்டமின் சி என்று ஒரு கூட்டமே இருக்கிறது.

அவற்றைப் பிரிக்கத்தான் குரோமட்டோகிராபி. அதுவே இலையில் பிறந்த வித்தைதான். 1900களின் தொடக்கத்தில் ரஷ்யத் தாவரவியலாளர் மிகைல் ஸ்வெட், கால்சியம் கார்பனேட் தூள் அடைத்த குழாயில் இலைச் சாற்றை இறக்கி, பச்சையும் மஞ்சளுமாக நிறங்கள் பிரிவதைக் கண்டார்.

இன்று எளிய வழி, சிலிக்கா பூசிய தகடு. அடியில் பென்சிலால் கோடு போடுவார்கள். பேனா என்றால் மையும் சேர்ந்து ஓடிவிடும். கோட்டின் மேல் சாற்றை மெல்லிய குழாயால் பொட்டு வைத்து, கொஞ்சம் கரைப்பான் ஊற்றிய கண்ணாடிச் சாடிக்குள் தகட்டை நிறுத்தி மூடுவார்கள். கரைப்பான் மேலேற ஏற, சிலிக்காவோடு ஒட்டிக்கொள்ளும் பொருள் பின்தங்கும். சர்க்கரை கோத்த குவெர்செட்டின் கீழே நிற்கும். சர்க்கரை இல்லாதது மேலே போய்விடும். தகட்டை உலர்த்தி டிபிபிஎச் தெளித்தால் எங்கும் ஊதா, வேலை செய்யும் பொருள் உள்ள இடத்தில் மட்டும் மஞ்சள் பொட்டு. கரோட்டின் பிறவியிலேயே மஞ்சள் என்பதால், தெளிப்பதற்கு முன்பே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் ஏமாந்துபோவோம்.

துல்லியமான அளவு வேண்டுமென்றால் எச்பிஎல்சி என்ற கருவி வழிக் குரோமட்டோகிராபி. தூள் அடைத்த குழாய்க்குள் உயர் அழுத்தத்தில் சாறு ஓடி, ஒவ்வொரு பொருளாக வெளிவரும். வெளிவரும் வாசலிலேயே டிபிபிஎச்சைக் கலந்துவிட்டால், ஊதாவை வெளுக்கவைக்கும் பொருள் வரும்போதெல்லாம் வரைபடக் கோடு கீழே குழியும். பெரிய குழி, பெரிய பங்கு.

பாக்கெட்டில் ஒற்றை எண்ணைவிட இந்தப் பங்கைப் போட்டால் உபயோகம் என்பேன். அப்போதும் அது கண்ணாடிக் குழாய்க்குள் நடந்த கணக்குதான். தின்ற தழையில் எவ்வளவு ரத்தத்தில் சேர்ந்தது என்பதை ரத்தத்தைச் சோதித்துத்தான் சொல்ல முடியும், டிபிபிஎச் சொல்லாது.